சோதனை போட்டவனின் மகனுக்கு

மகனே,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ வாசற்படி இறங்கும்போது உன் வலது முழங்காலைப் பார்த்துவிட்டேன், அது சுகமாக இல்லை. நீ அதை மறைக்கப் பார்த்ததையும் பார்த்துவிட்டேன். இன்னும் இரண்டு நாளில் கடற்கரைப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் புது கிளப்புக்கு மேனேஜராகப் போகிறாய். போகிறவன் சும்மா போயிருக்கலாம். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டாய். "ஊரு இன்னா சொல்லுதுன்னு எனக்குத் தெரியும் நைனா. நீங்க இன்னா நினைக்கிறீங்க?" நான், ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பு என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ தெருமுனை திரும்புவதற்குள் உங்கம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "பெத்த புள்ள கேக்குறான், வாயில இன்னா கொழுக்கட்டையா?" அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு வாயால் கேள்வி கேட்டுத்தான் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைக்க வேண்டாம். யார் கேட்டாலும் படிக்கக் கொடு. ஊர் நடுவில் கிளம்பிய பேச்சு இது, அதற்கான பதிலும் ஊர் பார்க்கிற மாதிரியே இருக்கட்டும்.

பேச்சு என்ன என்பதை நானே சொல்லிவிடுகிறேன், நீயோ நானோ மென்று விழுங்க வேண்டியதில்லை. பெங்களூரில் கீழ் டிவிஷன் டீம் ஒன்றுக்கு நீ மேனேஜராக இருந்த இந்த சீசனில், உன் டீம் ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் ஜெயித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் கோல் வாங்கித் தோற்றது. ஏதோ ஒரு தடவை என்றால் பரவாயில்லை, அது வாடிக்கையாகவே ஆகிவிட்டது. நீ காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்கிறாய் என்று நம் ஊரில் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ராபர்ட்சன்பேட்டை பஜார் வரைக்கும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெற்றவனே இப்படி நினைக்கலாமா என்று கேட்கிறவர்கள், நான் என்ன வேலை பார்த்தவன் என்று தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து கூண்டு மாதிரியான கேஜில் மேலே வருகிற ஆட்களை, ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாசலில் நிறுத்தி, தங்கம் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று சோதனை போடுவதுதான் என் வேலை. பூமிக்கு அடியில் வெந்து, தண்ணீரில் நனைத்த துணி மாதிரி வருவார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருக்கிறவனை நிற்க வைத்து, தலைமுடிக்குள் விரல் விட்டுத் துழாவ வேண்டும். கைகளைத் தூக்கு, வாயைத் திற, நாக்கைத் தூக்கு, இடுப்புத் துணியை உதறு. பூட்ஸைத் தட்டிப் பார்க்க வேண்டும், டிபன் கேரியரில் ஒவ்வொரு அடுக்கையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் யாரோ எவரோ இல்லை. கம்பெனி கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன், என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன், உங்கம்மாவின் தம்பி. உன் தாய்மாமன் வாயையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன். அவன் எனக்கு முன்னால் வாய் திறந்து பேசியதே இல்லை, திறந்ததெல்லாம் ஷாஃப்ட் வாசலில்தான். அந்த வேலையில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. யாராவது பார்க்கத்தானே வேண்டும், நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதற்கான கூலியை நீ வாங்கினாய். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்கு அடியில் இருக்கிற நம் கிரவுண்டில் லைன் பையன்கள் எல்லாரும் சாயங்காலம் பந்து ஆடுவார்கள். காற்று அடித்தால் அந்த மேட்டு மண் பறந்து வந்து கண்ணை மறைக்கும், ஆட்டம் நிற்காது. உன்னையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆள் குறையக் கூடாதே. ஆனால் உனக்கு மட்டும் யாரும் பாஸ் கொடுக்க மாட்டார்கள். "அவனுக்குக் குடுக்காதடா, அவங்க நைனா வந்து வாயைத் தொறக்கச் சொல்லுவாரு!" என்று ஒருத்தன் கத்துவான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நீ அழுதுகொண்டு வீட்டுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. வேறொன்று செய்தாய். கொடுக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று, எவன் காலில் பந்து இருந்தாலும் போய்ப் பிடுங்க ஆரம்பித்தாய். ஆளை இடிக்காமல், காலை வாராமல், பந்தை மட்டும் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய். எதிர் டீமிடமிருந்து மட்டும் இல்லை, சொந்த டீமிடமிருந்தும் பிடுங்கினாய் என்று உங்கம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. என்னால்தான் நீ அப்படி ஆடக் கற்றுக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியும்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆனால் வேலை என்னை விட்டுப் போகவில்லை. பெங்களூரிலிருந்து வெள்ளை வேனில் ஒருத்தர் வந்தாரே, ஒரு அரசாங்கக் கம்பெனியின் டீமுக்குப் பையன்களைப் பொறுக்க, அவரை நான் படுத்திய பாடு உனக்கு மறந்திருக்காது. யார் அனுப்பியது, இத்தனை பையன்கள் இருக்கும்போது என் பையன் மட்டும் ஏன், உங்களுக்கு இதில் என்ன கிடைக்கும், ஷூ ஏன் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று நிற்க வைத்தே கேட்டேன். பாவம், மனிதர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வியர்க்கிறதே, சரிதான், ஏதோ இருக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உங்கம்மாதான் உன் துணிமணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். "நீ வண்டியில ஏறுடா. உங்க நைனா கேள்வி கேட்டு முடிக்கறதுக்குள்ள உனக்குக் கல்யாண வயசே வந்துடும்." நீ ஏறினாய். அவள் மட்டும் அன்று வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால், நீ இன்றைக்கு எந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பாயோ.

அந்தக் கம்பெனி டீமில் ஹாஃப் பேக்காக ஆடினாய், பிறகு பெரிய கிளப் ஒன்று உன்னைக் கூப்பிட்டது. டிவியில் உன்னைக் காட்டிய அன்று நம் வீட்டில் உட்கார இடமில்லை. பாஸ் கொடுக்க மறுத்த பையன்கள் எல்லாம் மீசையும் தொப்பையுமாக வந்து உட்கார்ந்துகொண்டு, "நம்ம லைன் ஆளுடா" என்று மார்தட்டினார்கள். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள், நான் உன்னையே பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் எதிர் டீம்காரன் ஒருத்தன் உன் காதில் ஏதோ சொன்னான், நீ தலையாட்டினாய். அது என்ன என்று நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் குடைந்தேன். கடைசியில் நீ கை எடுத்துக் கும்பிட்டு, "தண்ணி பாட்டில் கேட்டான் நைனா, வேற இன்னா கேப்பான்?" என்றாய். நான் அதையும் முழுசாக நம்பவில்லை.

பிறகு முழங்கால் போயிற்று. இரண்டு தடவை கத்தி வைத்தார்கள், பழைய ஓட்டம் வரவில்லை. கிளப்பில் இருந்ததும் கான்ட்ராக்ட் வேலைதான், ஆட்டம் நின்றதும் அதுவும் நின்றது. நீ சோர்ந்து படுத்துவிடவில்லை. கோச்சிங் பரீட்சை எழுதினாய், பள்ளிக்கூடப் பையன்களுக்கு விசில் ஊதினாய், மழையில் கோன் அடுக்கினாய், நாலாவது டிவிஷன் டீம் ஒன்றுக்கு உதவி கோச்சாக இருந்து ஜெர்சி துவைத்துக் காயப் போட்டதாக யாரோ சொன்னார்கள். டிவியில் வந்தவன் ஜெர்சி துவைக்கிறானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம்தான் இந்த டீமுக்கு மேனேஜர் வேலை வந்தது. கிளப்பின் பிரசிடென்ட், டைல்ஸ் கடைக்காரர், ஸ்வீட் பெட்டியோடு நம் வீட்டுக்கே வந்தார். "நிம்ம மக பங்காரா ரீ" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் மகன் தங்கம் என்கிறார். தங்கம் என்று யார் வாயிலாவது வந்தாலே எனக்கு அவன் சட்டைப்பையைப் பார்க்கத் தோன்றும். இவ்வளவு பேர் இருக்கும்போது முழங்கால் போன உன்னை ஏன் தேடி வருகிறார் என்று அன்றே எனக்குள் அரிக்க ஆரம்பித்தது.

அதனால் ஊர் பேச ஆரம்பித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒருத்தன் என் காதுபடவே சொன்னான், "ஜெயிச்சுக்கினு இருக்கும்போது நல்லா ஆடுற ரெண்டு பேரை வெளிய இழுத்துடறான்பா. சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும் இன்னா சமாச்சாரம்னு." நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கோபம் அவன் மேல் இல்லை. நானும் அதையேதான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அவன் சத்தமாகச் சொல்லிவிட்டான்.

பொங்கலுக்கு நீ வந்தாய். நீ குளிக்கப் போன நேரத்தில் உன் பையைத் திறந்தேன். முழங்கால் பட்டை, தைலம், விசில், பிய்ந்த பிஸ்கட் பாக்கெட். பையின் அடித்துணியைத் தூக்கிப் பார்த்தேன், தையலைத் தடவிப் பார்த்தேன். பழைய கை, அதுவாகவே போகிறது. உங்கம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள். "இன்னாங்க இது, புள்ள பையை நோண்டுறீங்க? சுரங்கக் கம்பெனிக்காரன் இன்னும் சம்பளம் அனுப்புறானா?" நான் திரும்பினால் அவளுக்குப் பின்னால் நீ, தலையில் ஈரத்தோடு. வந்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, சட்டையை மாட்டினாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், அதில் ஏதாவது தெரிகிறதா என்று. தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். சோதனை போடும்போது திருடியவன் முகமும் திருடாதவன் முகமும் ஒரே மாதிரிதான் சிவக்கும். அத்தனை வருஷம் அந்த வாசலில் நின்றும் என்னால் முகத்தை வைத்து ஒருத்தனையும் பிரிக்க முடிந்ததில்லை, உன்னையும் பிரிக்க முடியவில்லை.

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று ஒரு மேட்ச் அன்று உனக்குச் சொல்லாமல் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். மஃப்ளரைக் காது வரைக்கும் சுற்றிக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் மரத்தடியில் நின்றேன். ரெஃபரியைப் பார்த்தேன், நல்லவனாகத் தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கிறவனைப் பார்த்தேன், அவனும் சரியில்லை. பிரசிடென்ட் போனை வாயோடு ஒட்டி வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். நீ கோட்டுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். உன் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. நடுவில் நின்று தடுத்துக்கொண்டிருந்த ஸ்டாப்பரும், இடது பக்கம் பறந்துகொண்டிருந்த விங்கரும் நம் ஊர்ப் பையன்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது, லோகுவும் ஜீவாவும். ஆட்டம் முடிய இன்னும் நல்ல நேரம் இருக்கும்போது நீ கை காட்டினாய், இருவரும் வெளியே வந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தன் "ஆய்த்து, மேட்ச் முகீத்து" என்று காறித் துப்பினான். முடிந்தது ஆட்டம் என்று அர்த்தம். என் மேலேயே துப்பிய மாதிரி இருந்தது. அந்த இருவரும் பெஞ்சில் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே ஓடினார்கள். மாட்டிக்கொண்டீர்களடா என்று நானும் பின்னால் ஓடினேன்.

என் வயதில் நான் ஓடியதை நீ பார்த்திருந்தால் டீமில் சேர்த்திருப்பாய். அவர்கள் ஒரு ஆட்டோவில் ஏற, நான் இன்னொரு ஆட்டோவில் ஏறி, முன்னால் போகிறதை விடாதே என்றேன். யாரோ ஒருத்தன் இவர்களுக்காக எங்கேயோ காத்திருக்கிறான், அவன் யார் என்று பார்த்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு. ஆட்டோ ரயில்வே ஸ்டேஷனில் நின்றது. இருவரும் நம் ஊர் வண்டியில், பெட்டிக்குள் நுழைய முடியாத கூட்டத்தில் தொற்றி ஏறினார்கள். நானும் ஏறினேன். அவர்கள் கதவோரம் நின்று ஜெர்சியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து யூனிஃபாரம் சட்டையை எடுத்து மாட்டினார்கள். நான் அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லோகு என்னைப் பார்த்துவிட்டான். "தாத்தா, நீங்க கோச்சோட நைனாதானே?" நான் பதில் சொல்வதற்குள் அவன் பையை என் முன்னால் விரித்துப் பிடித்தான். அப்புறம் இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். "சரியா தாத்தா? எங்க தாத்தா டெய்லி வூட்ல செஞ்சு காட்டுவாரு. உங்க பேரைச் சொன்னாலே வாயைத் தொறப்பாரு." பெட்டியில் இருந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குத்தான் செய்தான், கண்ணில் வன்மம் இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் தாத்தா அப்படி என் முன்னால் நின்றபோது எனக்கு வராத வெட்கம், இந்தப் பையன் நின்றபோது வந்தது. இருந்தாலும் கேட்டேன். என் புத்தி அப்படி.

"எவ்ளோ குடுத்தாங்கடா உங்களுக்கு, பாதியில ஓடி வர்றதுக்கு?"

ஜீவாவுக்கு முகம் மாறிவிட்டது. "பெரியவராச்சேன்னு பாக்குறேன் தாத்தா. நரசாபுரம் கம்பெனியில நைட் ஷிஃப்ட் எங்களுக்கு. இந்த வண்டிய வுட்டா பங்காருபேட்டையில கம்பெனி பஸ் போயிடும். ஒரு நாளு ஆப்சென்ட்னாலும் கான்ட்ராக்ட்ல கை வெச்சிடுவான். கோச்சுதான் சொன்னாரு, 'நீங்க இருக்குற வரைக்கும் ஆடுங்கடா, அப்பால நான் பாத்துக்கறேன்'னு. கமிட்டிக்குத் தெரிஞ்சா, முழு ஆட்டம் ஆட முடியாதவனை எதுக்கு எடுத்தீங்கன்னு எங்களத் தூக்கிடுவாங்கோ. அதான் அவரு வாயே தொறக்கல. பேரு கெடுதே கோச்சுன்னா, 'எனக்குப் பழக்கம்டா'ன்னு சொல்லிட்டாரு."

எனக்குப் பழக்கம் என்று நீ சொன்னதைக் கேட்டதும், அந்தப் பழக்கம் உனக்கு யாரால் வந்தது என்று எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்த உடனே உனக்குப் போன் போட்டேன். கண்டுபிடித்துவிட்டேனடா என்று சந்தோஷத்தில் கத்தினேன். நீயும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ கேட்டது ஒன்றுதான். "பின்னாலயே போனீங்களா நைனா?" போனேன் என்றேன். "சரி. செக் பண்ணிட்டீங்க இல்ல. வெக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். உங்கம்மா என்ன சொன்னான் என்று கேட்டாள். நான் சார்ஜ் இல்லை, கட்டாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ சொல்லவில்லை, லோகு வந்து சொன்னான். கிளப் கமிட்டி உன்னைக் கூப்பிட்டு விசாரித்த அன்று அவனும் ஜீவாவும் அழைக்காமலே உள்ளே நுழைந்து, ரயில் கதையை அவர்களே சொல்லிவிட்டார்களாம். நீ அவர்களை முறைத்தாயாம். பிரசிடென்ட் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாராம், அதே மூச்சில், அரை ஆட்டக்காரர்கள் இனி வேண்டாம் என்றாராம். அப்படியென்றால் நானும் வேண்டாம் என்று நீ எழுந்தாயாம். அப்போது ஒரு கமிட்டிக்காரர் கேட்டிருக்கிறார், ரயில் விஷயம் சரி, கடைசி இடத்தில் இருந்த டீமோடு ஆடினீர்களே ஒரு மேட்ச், அன்றைக்கு லீவு நாள், யாரும் பாதியில் போகவில்லை, அன்றைக்கு ஏன் நன்றாக நின்றுகொண்டிருந்த கோல்கீப்பரைக் கடைசி நேரத்தில் வெளியே எடுத்தீர்கள், மாற்று ஆள் வந்ததும் இரண்டு கோல் விழுந்ததே? நீ, "அது என் முடிவு. காரணம் சொல்ல மாட்டேன்" என்றாயாம். அதோடு வெளியே வந்துவிட்டாய்.

அவ்வளவுதான், ஊர் திரும்பவும் அதைப் பிடித்துக்கொண்டது. ரயில் கதை எல்லாம் சரி, அந்த மேட்ச்? டீக்கடையில் அந்த மேட்ச், சலூனில் அந்த மேட்ச். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளும் அந்த மேட்ச்தான். மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இந்த ஒன்று இன்னும் மோசமாக உறுத்தியது. நிறைய நல்லது செய்து அதன் நிழலில் ஒன்றை மறைக்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். பண்டிகைக்கு எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டே போனவனின் பூட்ஸில் நான் தங்கம் கண்டெடுத்திருக்கிறேன். அப்படியே உன்னையும் நினைத்தேன். போன ஞாயிறு நீ கேட்டபோது என்னைப் பதில் சொல்ல விடாமல் செய்தது அதுதான். ரயிலில் நான் பார்த்ததை மட்டும் வைத்து, நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது பாதிப் பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

புது ஊரில் நீ எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. தேடி வந்து கை குலுக்குகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு. கான்ட்ராக்டைக் கடைசி வரி வரைக்கும் படி. முழங்காலை டாக்டரிடம் காட்டு, மறைக்காதே. ஆனால் உன் கையில் ஆட வருகிற பையன்களிடம் என்னைப் போல இருந்துவிடாதே. இருக்க மாட்டாய், அது லோகுவையும் ஜீவாவையும் பார்த்தாலே தெரிகிறது. அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, என்னிடமிருந்து இல்லை. வேனில் ஏற்றி அனுப்பினாளே, அவளிடமிருந்து வந்திருக்கும்.

இனி சொல்லப்போவதை உங்கம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நீ போன மறுநாள் காலையில் பேத்தமங்களா பஸ் ஏறினேன். அந்தக் கோல்கீப்பர் முனிராஜுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு என்று லோகுவிடம் சாமர்த்தியமாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். வழியெல்லாம் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன், எதை முதலில் கேட்பது, எதைத் தெரியாத மாதிரி கேட்பது என்று. தக்காளித் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தான். நீ சொன்னதில்லை, எவ்வளவு உயரம் அந்தப் பையன்! என்னைத் தூரத்தில் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மருந்துப் பம்பை இறக்கி வைத்துவிட்டு, வாய்க்காலில் கை கழுவி, வரப்பில் ஓடி வந்தான். துண்டை விரித்து என்னை உட்கார வைத்தான். "கோச் ஊருக்குப் போறாராமே அங்கிள்?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. அது மருந்து பட்டதாலா, வேறெதனாலா, எனக்குத் தெரியாது.

"அங்கிள், அந்த மேட்ச்ல…" என்று ஆரம்பித்தான்.

நான் போனதே அதற்குத்தான். கேட்காமலே வருகிறது. அவன் வாயைத் திறந்துவிட்டான், நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நீ அவனைக் காப்பாற்றியிருக்கலாம். அவன் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். நீ எடுத்தது வெறும் தப்பான முடிவாகவும் இருக்கலாம். ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோயிருக்கும். அப்போது உன் போன் நினைவுக்கு வந்தது. செக் பண்ணிட்டீங்க இல்ல என்று நீ சொன்ன அந்தக் குரல். இவன் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நான் உன்னை நம்பினாலும் அது இவன் சொன்னதால் நம்பியதாகத்தான் இருக்கும். நீ கேட்டதற்கு என்னிடம் பதிலே இல்லாமல் போய்விடும்.

"வேணாம்பா, சொல்லாதே" என்றேன். அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். நானே திகைத்துத்தான் போனேன். ஷாஃப்ட் வாசலில் நின்ற காலத்தில் ஒருத்தனிடமாவது நான் வாயை மூடு என்று சொன்னதில்லை. அப்புறம் இரண்டு பேரும் தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தான், பஸ் ஏற்றிவிட்டான். உங்கம்மா, பஜாரில் இல்லாத தக்காளியா என்று கேட்டாள்.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இப்போதும் ஆசையாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் கை பரபரக்கிறது, பேத்தமங்களாவுக்கு அடுத்த பஸ் எப்போது என்று மனசு கேட்கிறது. போக மாட்டேன். உன்னிடமும் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். நீ ஆட்டத்தை விற்கவில்லை. என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை.

உன் நைனா